ஐந்தாவது கோடு

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் வழியில்
மாங்கூழ் ஆலைக்கு எதிரே
சாலையின் நடுச்சுவரில் ஓர் உடைசல்.
ஒருக்களித்தால் ஓர் ஆள் நுழையலாம்,
சாப்பாட்டுக் கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு.
யார் உடைத்தது என்று கேட்டேன்.
‘லாரி’ என்றார் டீக்கடைக்காரர்.
‘கடப்பாரை’ என்றது அதன் விளிம்பு.

எம்.பிளான் இரண்டாம் ஆண்டு.
ஆய்வேட்டுக்கு இந்த உடைசலைத்தான் எடுத்தேன்.
வகுப்பில் மற்றவர்கள்
மெட்ரோ எடுத்தார்கள், துறைமுகம் எடுத்தார்கள்,
ஒருத்தன் சிங்கப்பூரையே எடுத்தான்.
‘ஓட்டைக்கு எதுக்கும்மா முதுகலை?’ என்றார் கைடு.
ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஜூன். பெங்களூரா மாங்காய் இறங்கும் மாதம்.
பஞ்சர் கடை டயர் அடுக்கின் நிழலில்
நானும் இர்பானும் ஒரு கிளிப் அட்டையும்.
எண்ணும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்:
நிற்கும் கோடு நான்கு,
அவற்றை வெட்டிக்கொண்டு ஐந்தாவது.
மூன்றாம் நாள்தான் உறைத்தது
நான் வரைந்துகொண்டிருந்தது இந்தச் சாலையை என்று.
நான்கு தடம். குறுக்கே ஓர் ஆள்.
தாள் முழுக்க
யாரோ கடந்துகொண்டே இருந்தார்கள்.

ஷிப்டுக்கு அறுநூற்றுப் பதினான்கு.
பெண்கள் ஐந்நூற்றிரண்டு.
கைக்குழந்தையோடு ஒன்பது.
அது ஒன்பதா பதினெட்டா என்று
இர்பானோடு ஒரு மாலை முழுக்கச் சண்டை.

கேள்வித்தாளில் பதினேழாவது:
சுரங்கப்பாதையைப் பயன்படுத்தாததன் காரணம்?
தொலைவு, வெளிச்சமின்மை, தண்ணீர்த் தேக்கம், பிற.
மாதம்மாள், வயது நாற்பத்தொன்று,
கொட்டை நீக்கும் பிரிவு,
விரலிடுக்கெல்லாம் மாம்பால் பொசுக்கிய கறுப்பு.
‘அங்க போயி இங்க வர ரெண்டு கிலோமீட்டரு.
அஞ்சு நிமிசம் லேட்டானா அரைநாள் கூலி போச்சு.
நீ எந்தக் கட்டத்துல போடுவியோ போட்டுக்கோ.’
பிறவில் போட்டேன்.
அதற்கு ஒரு வரிதான் இடம் விட்டிருந்தேன்.

பரிந்துரை:
மேம்பாலம் வேண்டாம், பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் ஏறாது.
வேகத்தைக் குறைத்து, விளக்கு வைத்து,
தரையிலேயே ஒரு கடவுப்பாதை.
ஜூரியில் எண்பத்தாறு மதிப்பெண்.
சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்கு
ஒரு நகல் கேட்டார்கள்.
ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன், என் காசில்.

செப்டம்பரில் இர்பான் படம் அனுப்பினான்.
நடுச்சுவர் முழுசாகியிருந்தது.
மேலே மார்பு உயரத்துக்குக் கம்பி,
கறுப்பும் மஞ்சளுமாய்ப் பூச்சு.
உத்தரவில் என் எண் இருந்ததாம்:
‘ஷிப்டுக்கு 614 பேர் விதிமீறிக் கடப்பதாக
ஆய்வு தெரிவிப்பதால்.’

தரவில் பிழையில்லை.
இரண்டுமுறை கூட்டிப் பார்த்த எண்.
பரிந்துரை இருந்தது எழுபத்தோராம் பக்கத்தில்,
அவர்கள் நாற்பதிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.
மறுப்புக் கடிதம் மூன்று பக்கம் எழுதினேன்.
யாருக்கு என்ற இடம் மட்டும் இன்னும் காலி.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் பேருந்து
ஆலை பக்கத்தில் நெரிசலில் நின்றது.
மாங்காய் முடிந்து இப்போது கொய்யா.
காற்றில் அந்தப் பழுத்த இனிப்பு, டீசலோடு.
கம்பியில் இரண்டு வளைந்திருந்தன, ஒன்று இல்லவே இல்லை.
இந்தப் பக்கம் ஒரு ஹாலோபிளாக் கல்,
அந்தப் பக்கமும் ஒன்று.
யாரும் வரைபடம் போடாத படிக்கட்டு.
சங்கு ஊதியது.

கை பழக்கதோஷம்,
டிக்கெட்டின் பின்புறம்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவதாய் ஏறியவள் மாதம்மாள் போலத்தான் இருந்தாள்,
அதற்குள் ஒரு டேங்கர் லாரி மறைத்தது.
பேனா காகிதத்துக்கு மேல் நின்றது.
லாரி நகர்ந்தபோது
அவள் அந்தப் பக்கம் முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள்.

கோட்டைப் போடவில்லை.

சப்பாணிப்பட்டி தாண்டிச் செக்கிங் ஏறினார்.
டிக்கெட்டை நீட்டினேன்.
நல்லவேளை, திருப்பிப் பார்க்கவில்லை.